‘தெரியாது’ சொல்லாத ராயப்பர்

உங்களுக்குத் தெரியாத ஒன்றை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

‘தெரியாது’ என்பீர்கள். மேட்டர் ஓவர். கேட்டவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். உலகமே இப்படித்தான் ஓடுகிறது. எங்கள் ராயப்பருக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டையைப் பார்த்து நடந்தால் அவருடைய பஞ்சர் கடை வரும். தகரக் கூரை, கிழடு தட்டிய ஒரு கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, ஆணியில் தொங்கும் டயர்கள். வெளியூர்க் கார்கள் அங்கேதான் கண்ணாடியை இறக்கி வழி கேட்கும். ஒருநாள் நான் என் பைக்குக்குக் காற்றடிக்கப் போயிருந்தபோது ஒரு வடநாட்டுக் குடும்பம் பெரிய காரில் வந்து நின்றது. அந்த அம்மா இந்தியில் ஏதோ கேட்டார். ராயப்பருக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கையைத் துணியில் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கலெக்டர் மாதிரிக் கையை நீட்டினார்.

“ரிட்டன் போ. ஸ்ட்ரெய்ட்டு. லெஃப்ட்டு. மறுபடி ஸ்ட்ரெய்ட்டு.”

கார் போய்விட்டது.

“இன்னா மாமா கேட்டாங்க?”

“எதோ எடம் கேட்டாங்க.”

“எந்த எடம்?”

“எந்த எடமா இருந்தா இன்னாடா? எல்லா எடமும் அந்தப் பக்கந்தான் இருக்குது. இந்தப் பக்கம் வெறும் மல.”

மதியத்துக்கு மேல் அதே கார் திரும்பி வந்தது. செத்தார் மனுஷன் என்று நினைத்தேன். அந்த அம்மா இறங்கி வந்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அவர்கள் தேடியது கழிப்பறையாம். இவர் காட்டிய வழியில் போய்க்கொண்டே இருந்து, எங்கெங்கோ திரும்பி, கடைசியில் மேல்சித்தாமூர் ஜைன மடத்து வாசலில் நின்றிருக்கிறார்கள். பார்த்தால் அவர்களும் சமணர்கள். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, அவசர வேலையையும் முடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். டிரைவர்தான் இதையெல்லாம் தமிழில் சொல்லிச் சிரித்தார். கார் கிளம்பியதும் ராயப்பர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். அந்த வாரம் முழுக்க அவரைத் தாங்க முடியவில்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் சொன்னது. செமஸ்டருக்கு முந்தின நாள் அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே கேட்டேன்.

“மாமா, கம்பைலர்னா இன்னான்னு சொல்லு பாக்கலாம்.”

“அது டீசல் வண்டில வரும்டா.”

“வண்டியில எங்க?”

“அடியில.”

துளி வெட்கம் இல்லை. தப்பாகச் சொல்வது அவருக்கு ஒரு அவமானமே கிடையாது. சொல்லாமல் விடுவதுதான் பாவம்.

இதெல்லாம் காமெடி. ஆனால் இடம், பொருள் இருக்கட்டும், ஆள் விஷயத்திலும் இவர் அப்படித்தான். ரோட்டில் யார் குடித்துவிட்டுக் கிடந்தாலும், போலீஸ்காரர் வந்து “யார்யா இவன்?” என்றால், “நம்ம பையன்தான் சார், நான் பாத்துக்குறேன்” என்பார். முன்பின் பார்த்திருக்க மாட்டார். ஒருமுறை கோட்டைக்குப் பக்கத்தில் லாரி கிளீனர் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். ஆந்திராக்காரன். ஆஸ்பத்திரியில், “கூட யாரு? தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று நர்ஸ் கேட்டதும் கூட்டம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. இவர் முன்னால் போய், “தெரியும்மா, நம்ம ஆளு” என்றார். அவன் வீட்டு ஆட்கள் வரும்வரை அங்கேயே கிடந்தார். அவர் சம்சாரம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் புலம்பி, அவர் எதிரிலும் புலம்பியது.

“ஊர்ல உழுந்து கெடக்குறவன் எல்லாம் இதுக்குப் பங்காளி. பொண்டாட்டி ஜுரத்துல கெடந்தா மட்டும் இது எட்டிப் பாக்காது.”

“உன்னதான் ஊருக்கே தெரியுமே” என்றார் ராயப்பர். தூக்கு அவர் மடியில் ‘டொம்’ என்று இறங்கியது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பெங்களூர் பஸ் வந்தால் மட்டும் கை நின்றுவிடும். மற்ற பஸ்ஸெல்லாம் அவருக்குத் தூசி. டயரைப் பாதி கழற்றியிருந்தாலும் சரி, பெங்களூர் போர்டு போட்ட பஸ் கடையைத் தாண்டும்போது நிமிர்ந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார். பஸ் போனதும் குனிந்துகொள்வார். சின்ன வயதில் ஏதாவது பெங்களூர்ப் பெண் மேட்டராக இருக்கும் என்று நாங்கள் பசங்களுக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தோம்.

ராயப்பர் அவருடைய நிஜப் பெயர் இல்லை. இயேசுவின் சீடர் பேதுரு இருக்கிறார் அல்லவா, அவருக்குப் பழைய கத்தோலிக்கர்கள் சொல்கிற பெயர் ராயப்பர். எங்கள் கோயிலில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசு பிடிபடுவதிலிருந்து கல்லறையில் வைப்பது வரை. இவர் மீசை முளைத்த நாளிலிருந்து அதில் பேதுரு வேஷம். வேறு வேஷமே கட்டியதில்லை. கடைசியில் பெயரே அதுவாகிப்போனது. ரேஷன் கடையில்கூட “ராயப்பா, கார்ட குடுப்பா” என்றுதான் கூப்பிடுவார்கள்.

பேதுரு கதை தெரியாதவர்களுக்கு: குருவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பேதுரு பின்னாலேயே போய், விசாரணை நடக்கிற வீட்டு முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டு நிற்கிறார். ‘நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே?’ என்று அங்கிருக்கும் பணிப்பெண்ணும் மற்றவர்களும் கேட்கிறார்கள். மூன்று தடவை கேட்கிறார்கள், மூன்று தடவையும் தெரியாது என்கிறார். சேவல் கூவுகிறது. குரு திரும்பி அவரைப் பார்க்கிறார். இவர் வெளியே போய் அழுகிறார்.

ஆக, வருஷம் முழுக்கத் தெரியாது என்று சொல்லாத மனுஷன் வருஷத்தில் ஒரே ஒரு நாள், மைக் முன்னால், ஊரே பார்க்க அதைச் சொல்வார். சொல்கிற விதம் இருக்கிறதே. முதல் தடவை சும்மா தள்ளிவிடுகிற மாதிரி. இரண்டாவது தடவை எரிச்சலோடு. மூன்றாவது தடவை குரல் உடைந்து ஒரு மாதிரி அலறலாக வரும். கடலை விற்கிறவன்கூடக் கையை நிறுத்திவிடுவான். அவர் அழுவதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள், பாதிப் பேர் கோயிலுக்கே வராத ஜனம்.

அந்த வருஷம் இயேசு நான். பக்தியெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. முடி வளர்த்திருந்தேன், அவ்வளவுதான். எங்கள் நாடக வாத்தியார் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார்.

“விக் செலவு மிச்சம். இவன அனுப்பு.”

“இவனா? இவன் நேத்துதான் இவங்க நைனா பாக்கெட்ல கை வச்சான்” என்றது அம்மா.

“அப்ப யூதாசுக்கும் ஆச்சு.”

ஒத்திகை தினமும் சாயங்காலம் கோயில் காம்பவுண்டில். ராயப்பர் என்னை அன்றிலிருந்து ‘சேசுவே’ என்றுதான் கூப்பிட்டார். கடைக்குப் போனால், “இன்னா சேசுவே, ட்யூப் மாத்தணுமா?” என்பார். மற்ற சீன் எதிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் அந்தத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் மட்டும் உயிரை எடுத்தார். கையைக் கட்டி என்னை இழுத்துக்கொண்டு போவார்கள், நான் நின்று, தலையைத் திருப்பி, அவரைப் பார்க்க வேண்டும். வசனமே கிடையாது. மொத்த நாடகத்திலும் அதுதான் ஈஸி என்று நினைத்தேன்.

“மொறைக்காதடா.”

மறுபடி பார்த்தேன்.

“இப்ப இன்னா, பாவம் பாக்குற? நாய்க்குட்டிய பாக்குறியா?”

மறுபடி.

“இது போட்டோக்கு நிக்கிற மாரி இருக்குது.”

எனக்குக் கடுப்பாகிவிட்டது. “எப்படித்தான் மாமா பாக்கணும்? நீயே சொல்லு.”

“தெரிஞ்சவன பாக்குற மாரி பாரு. பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கண்ணுல பட்டா எப்டி பாப்ப? கூப்புட முடியாது. பஸ்ஸும் நிக்காது. ஆனா நீதானேன்னு பாப்ப இல்ல? அப்டி.”

இவருக்கு எங்கிருந்து இப்படியெல்லாம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தேன். அவர் எதிர்ப்பக்கம் திரும்பி வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

சேவல் இன்னொரு தலைவலி. ஸ்பீக்கரில் சத்தம் போட்டுக்கொள்ளலாம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். ராயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை, நிஜச் சேவல்தான் வேண்டும். அவர் வளர்ப்பதே ஒன்று இருந்தது. கடையில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தும். மேடையில் ஏற்றினால் அம்மி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை என்ன செய்தது தெரியுமா? பணிப்பெண்ணாக நடித்த தையல்கடை அக்கா முதல் கேள்வி கேட்க வாயைத் திறந்ததுமே கூவிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா வசனத்தை மறந்து நின்றது. ராயப்பர் சேவல் பக்கம் திரும்பி, தாடியோடு, மைக்கில் சொன்னார்.

“இருடா. இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல.”

சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆனது. ஆனால் மூன்றாவது தடவை அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது அதே கூட்டம் மூச்சுவிடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் திரும்பினேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பெங்களூர் பஸ்ஸை இவர் பார்ப்பாரே, அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த பஸ்ஸுக்குள் நான் உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

அவர் முகம் கலைந்துபோனது. அப்படியே மேடையிலிருந்து இறங்கி நடந்துவிட்டார். நடிப்பு இல்லை என்று எனக்கு அங்கேயே புரிந்தது.

என்னைச் சிலுவையில் ஏற்றி, இறக்கி, கல்லறையில் வைத்து, எல்லாம் முடிந்து மோர் குடித்துவிட்டுத் தேடிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் சந்தில், ஒட்டுத்தாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் உடம்பெல்லாம் சிவப்புச் சாயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கரெக்டா பாத்தடா” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்.

வயசுக் காலத்தில் இவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தொண்டூர்ப் பக்கத்து ஆள். இரண்டு பேரும் ஒரே அரிசி மில்லில் வேலை. அந்தக் கூட்டாளிதான் அப்போது பாஸ்காவில் இயேசு. ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின தவக்காலத்தில், தலைமுடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்த நேரம், மில்லில் ஒரு மோட்டார் காணாமல் போனது. முதலாளியின் ஆட்கள் கூட்டாளியை ரோட்டில் போட்டு அடித்தார்கள். இவர் அந்த வழியாக சைக்கிளில் வந்திருக்கிறார்.

“மொதலாளி என்ன கூப்ட்டாரு. டேய், இவன் உங்கூட சுத்துறவன்தானேன்னாரு. நானும் அவனும் ஒரே சைக்கிள்ல போயி ஒரே தட்டுல துன்றவங்க. ஊருக்கே தெரியும். மொதலாளிக்கும் தெரியும். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? எனக்கு இவன தெரியாதுங்கன்னேன்.”

“பயத்துல சொல்லியிருப்ப மாமா.”

“மொதலாளிக்கே சிரிப்பு வந்துட்ச்சிடா. அவன் சிரிக்கல. கீழ கெடந்துக்கினே தலைய தூக்கி என்ன பாத்தான். அவ்ளோதான். வண்டில ஏத்திக்கினு ஸ்டேஷனுக்குப் பூட்டாங்க. நெஜ ராயப்பராச்சும் மூணு வாட்டி கேட்டப்புறம் சொன்னாரு. எனக்கு ஒண்ணே போதுமா இருந்துச்சி.”

மோட்டாரை எடுத்தது முதலாளியின் சொந்தத்திலேயே ஒருவர் என்று பிறகு தெரிந்ததாம். கூட்டாளியை விட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். திரும்பவே இல்லை. இவர் ஒருமுறை தேடிக்கொண்டு பெங்களூர் போயிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி, கட்டட வேலை நடக்கிற இடமாகப் பார்த்து, எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“யார கேட்டாலும் கொத்தில்லா, கொத்தில்லான்றான். எதோ ஏரியா பேருன்னு நெனச்சி அது எந்தப் பக்கம்னு கேட்டுக்கினு இருந்தேன். அப்புறம் ஒரு தமிழ் ஆளு சொன்னான், அப்டின்னா தெரியாதுன்னு அர்த்தமாம். அடுத்த பஸ்ஸுல ஏறி வந்துட்டேன்.”

அதைச் சொல்லி அவரே சிரித்தார். தாடி ஒரு பக்கம் உரிந்து தொங்கியது.

“இதுக்கு அடுத்த சீன் ஒண்ணு இருக்குது, தெரியுமா? உயிர்த்தப்புறம் வரும். கடக்கரையில அவரு கரி மூட்டி மீனு சுட்டு வச்சிக்கினு, வாங்கடா சாப்புடலான்னு கூப்புடுறாரு. ராயப்பரும் போறாரு. ஏன்டா அப்டி சொன்னன்னு ஒரு வார்த்த கேக்கல. சாப்ட்டு முடிச்சப்புறம், எம்மேல பாசமா இருக்கியான்னு கேக்குறாரு. மூணு வாட்டி. மூணாவது வாட்டி கேக்கும்போது ராயப்பருக்கு மனசு கஷ்டமாப் பூடுது. ஆனா சொல்லிடுறாரு. அந்த சீன போடுன்னு வாத்தியார வருஷா வருஷம் கேக்குறேன். பெரிய வெள்ளிக்கெழம எவன்யா உயிர்ப்பான், போயான்றான். நானு வருஷா வருஷம் அழுவுறதோட நிக்கிறேன்.”

அதற்கு அடுத்த வருஷம், மாசி முடிகிற சமயம். நான் கடையில் வெட்டியாக உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தது. என் வயதுதான் இருக்கும். தோளில் பை, கையில் ஃபைல்.

“இங்க ராயப்பன்னு ஒருத்தரு?”

“நாந்தாம்மா.”

“நான் பெங்களூர்ல இருந்து வரேன் அங்கிள்” என்று ஆரம்பித்து அது தன் அப்பாவின் பெயரைச் சொன்னது. “உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. அப்பா போன வருஷம் தவறிட்டாரு.”

ராயப்பர் கையிலிருந்த ட்யூபைத் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது அப்போதுதான் ஒட்டி முடித்த நல்ல ட்யூப்.

அந்தப் பெண் நின்றபடியே விஷயத்தைச் சொன்னது. ஊரில் தாத்தா பெயரில் ஒரு வீட்டு மனை இருக்கிறது. அப்பாவின் பங்காளி ஒருவர் அதில் வண்டி நிறுத்திக்கொண்டு, அப்படி ஒரு ஆளே எங்கள் வகையில் இல்லை என்கிறார். வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருக்கிறது. செத்துப்போனவர் இந்த ஊர்க்காரர்தான் என்று உள்ளூரில் யாராவது அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும்.

“அப்பா எப்பவும் சொல்லுவாரு அங்கிள். செஞ்சில எறங்குனா மொதல்ல ராயப்பன பாரு, மத்தவங்கள அப்புறம் பாத்துக்கலாம்னு.”

“வேற இன்னா சொன்னான்?”

“நீங்க ரெண்டு பேரும் ராஜகிரிக் கோட்ட மேல ஏறி பிரிஞ்சி சாப்ட்டது. நீச்சல் தெரியும்னு சொல்லி நீங்க செட்டிகுளத்துல குதிச்சது, அப்பா உங்க முடிய புடிச்சி தூக்குனது...”

“ஒரு வாட்டியாச்சும் என்ன திட்டலியா?”

“எதுக்கு அங்கிள் திட்டணும்?”

விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் விடவில்லை. தொட்டியிலிருந்து கையை எடுத்து, எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொன்னார். மில், மோட்டார், அடி, தான் சொன்ன வார்த்தை, எல்லாம். அந்தப் பெண் அசையாமல் கேட்டது. முகம் சிவந்துவிட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லாரி போனதும் அந்தப் பெண் கேட்டது.

“சரி அங்கிள். இப்ப விஏஓகிட்ட தெரியும்னு சொல்வீங்களா?”

அந்தப் பங்காளி லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு டிராக்டர், ஒரு டிப்பர். எல்லாம் ராயப்பர் கடைக்குத்தான் வரும். கடையே அதில்தான் ஓடியது. மறுநாள் காலையில் டிராக்டரைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினார்.

“இன்னா ராயப்பா, தெரியாதுன்னு சொல்றதுல நீ பெரிய எக்ஸ்பர்ட் ஆச்சே. வருஷா வருஷம் மைக்குல சொல்ற. இந்த ஒரு வாட்டி மைக் இல்லாம சொல்லிட்டுப் போயேன்.”

ராயப்பர் நெம்புகோலைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டார், நன்றாகத் தெரிந்தது. “வீல் நட்டு லூசா இருக்குது, டைட் பண்ணிக்கினு போ” என்றார். அந்த ஆள் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த டிராக்டர் அங்கே வரவில்லை.

விஏஓ ஆபீசுக்கு நான்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் நீட்டிய போட்டோவைக் காட்டி, “இந்த ஆளத் தெரியுமா?” என்றார் விஏஓ.

“தெரியும்.”

அதோடு நிறுத்தினாரா? பிறந்த வீடு, வலது புருவத்துத் தழும்பு, அது விழுந்த கதை, கூட்டாளிக்குக் கத்திரிக்காய் பிடிக்காதது வரை போனார். “யோவ், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுயா” என்று விஏஓ பேனாவை மூடிவிட்டார்.

அடுத்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மனைக்கே வந்தார். பங்காளி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார், பின்னால் அவர் ஆட்கள். ஊர்க்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதே போட்டோ, அதே கேள்வி. ராயப்பர் பங்காளியைப் பார்க்காமல் போட்டோவை மட்டும் பார்த்தார்.

“தெரியும் சார். நல்லாத் தெரியும்.”

கடைசியில் தாலுகா ஆபீஸ். காலையில் போனவர்களை மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். தாசில்தார் அம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

“போட்டோல இருக்குறவர உங்களுக்குத் தெரியுமா?”

ராயப்பர் முகம் சுருங்கிவிட்டது.

“எத்தினி வாட்டிம்மா கேப்பீங்க? எனக்குத் தெரியும்மா. அவன எனக்குத் தெரியும்.”

தாசில்தார் அம்மா நிமிர்ந்தார். “ஏங்க, இதுக்குப் போய் ஏன் அழுவுறீங்க? சும்மா ரொட்டீன் என்கொயரிங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.”

அந்தப் பெண் தன் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தது. வெளியே வந்து மூன்று பேரும் ரோட்டோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாதிப் பரோட்டாவைப் பிய்த்து அந்தப் பெண்ணின் தட்டில் வைத்துவிட்டார்.

அந்த வருஷப் பெரிய வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் நின்றேன். முடியை வெட்டியிருந்தேன், பாலிடெக்னிக் பையன் ஒருவன் இயேசு. ராயப்பர் மேடைக்கு வந்ததும் எல்லாரும் அமைதியானார்கள். தையல்கடை அக்கா கேட்டது. “தெரியாதும்மா” என்றார், பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டவரிடம் சொல்வது மாதிரி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு எல்லாரும் எட்டிப் பார்த்தோம். “தெரியாதுங்க” என்றார். சேவல் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான நேரத்துக்குக் கூவியது. பையன் திரும்பிப் பார்த்தான். ராயப்பர் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எங்கள் பாஸ்கா வரலாற்றிலேயே அவ்வளவு மொக்கையான பேதுருவை யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர், “இதுக்கா அவலூர்பேட்டைல இருந்து பஸ் ஏறி வந்தேன்” என்றார்.

மேடைக்குப் பின்னால் வாத்தியார் கத்தினார். “யோவ், இத்தினி வருஷம் நல்லா அழுதுக்கினுதானே இருந்த? இன்னிக்கி இன்னா கேடு உனக்கு?”

“வரல வாத்தியாரே.”

“வரலன்னா?”

“வரலன்னா வரல. வுடு.”

நான் எட்டிப் பார்த்தேன். தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தார். விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே பெங்களூரிலிருந்து வந்து, அவர் சம்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு பெரியவர் அதைப் பார்த்து, “நீ யாரு பாப்பா?” என்றார். “நம்ம பொண்ணுதான்” என்றது ராயப்பர் சம்சாரம்.

இங்கே ஆபீசில் எதைக் கேட்டாலும் ‘நோ ஐடியா ப்ரோ’ என்கிறார்கள். நானும்தான் சொல்கிறேன். வழி கேட்க மனுஷன் வேண்டியதில்லை, போனே சொல்லிவிடுகிறது, அதுவும் சரியாகச் சொல்லிவிடுகிறது. சில சாயங்காலம் ஓ.எம்.ஆர். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு யாராவது வந்து, முழுத் தப்பாக ஒரு வழி சொன்னால் தேவலை என்று இருக்கும். சத்தியமாக அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பிவிடுவேன்.

போன வாரம் ஊருக்குப் போனபோது தொண்டூர்ப் பக்கம் போனேன். சான்றிதழ் வந்து, அந்த மனையில் அந்தப் பெண் வீடு கட்டுகிறது. பங்காளியின் டிராக்டர்தான் வாடகைக்கு எம்-சாண்ட் மணல் அடிக்கிறது. சுவர் ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டம் வரை வந்திருக்கிறது.